லீலண்ட் பார்க்காத பதினொரு கையெழுத்துகள்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ட்வைலா பேச ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். இதில் எனக்கு உறுதியில்லை. அவள் இதை என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். முதல் முறை சொன்ன கதையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் லீலண்டுக்குக் காது கேட்காமல், ஒருமுறை சொல்லவே நாக்கு எழாததை அவள் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த முறை சொன்ன கதையில் விசிறியை அவளே எட்டி நிறுத்தியிருந்தாள். எது சரி என்று நான் கேட்கவில்லை. அன்றைய நாளில் பாதியை அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நானே பார்த்தேன். மீதியை அவள் சொல்லக் கேட்டேன். இப்போது இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

ஜூன் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணி. ஈரப் பஞ்சால் ட்வைலா தன் கணவன் லீலண்டின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் சோபாவை ஒதுக்கிவிட்டு மருத்துவமனைக் கட்டில் போட்டிருந்தார்கள். கணையத்தில் புற்றுநோய். முந்தின நாள் வந்த நர்ஸ், வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்து, "இன்னிக்கோ நாளைக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"நோட்டரி எத்தனை மணிக்கு வருது?" என்றார் லீலண்ட்.

"பதினொண்ணுக்கு. பெர்னீட்டா பேங்க்ல சொல்லிட்டு வரேன்னா."

"அந்தத் தாளைக் கொண்டா. ஒரு தடவை பாத்துக்கறேன்."

அந்தப் பெர்னீட்டா நான்தான். எங்கள் ஊர் வங்கியில் கணக்கராக இருந்தேன். சுற்றுவட்டாரத்தில் நாற்பது மைலுக்கு நான் ஒருத்திதான் நோட்டரி.

தாள் என்று அவர் சொன்னது மனுத்தாளை. மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று நெப்ராஸ்கா மக்களிடமே வாக்குக் கேட்க வேண்டும் என்றால், அதற்கு முன் மாநிலம் முழுக்கக் கையெழுத்து வாங்க வேண்டும். பெரிய நகரங்களில் மட்டும் வாங்கினால் போதாது. குறைந்தது முப்பத்தெட்டு மாவட்டங்களில், ஒவ்வொன்றிலும் நூறு வாக்காளருக்கு ஐந்து பேராவது போட்டிருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் மனிதர்களைவிட மாடுகள் முப்பது மடங்கு அதிகம். வாக்காளர்கள் நானூற்று அறுபது பேர். இருபத்துமூன்று கையெழுத்து கிடைத்தால் எங்கள் மாவட்டமும் கணக்கில் சேரும்.

அந்த இருபத்துமூன்றுக்காக லீலண்ட் பொகோர்னி வசந்தகாலம் முழுக்க அலைந்தார். ஒன்பது பேர் போட்ட முதல் தாளை மே மாதமே என் முன்னால் சத்தியம் செய்து கொடுத்துவிட்டார். வீட்டில் இருந்தது இரண்டாவது தாள். அதில் பதினெட்டுக் கையெழுத்துகள்.

சத்தியம் என்பதுதான் இதில் கனமான விஷயம். கையெழுத்து வாங்குகிறவர் ஒவ்வொரு தாளின் அடியிலும் தன் பெயரை எழுதி, "இவர்கள் அனைவரும் என் கண்முன்னே கையெழுத்திட்டார்கள்" என்று நோட்டரி முன்னால் சொல்ல வேண்டும். பயிற்சி வகுப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். கண்முன் போடாத பெயர் ஒன்று இருந்தாலும் தாள் முழுக்கப் போய்விடும், தாளைச் செருகிய அட்டையைக் கையைவிட்டு இறக்காதீர்கள் என்று.

ட்வைலா தாளை எடுக்கப் போகவில்லை. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மாட்டுச்சந்தையில் இருக்கும் காப்பிக்கடைக்கு லீலண்ட் அந்தத் தாளோடு போனார், கூடவே ட்வைலாவும். அவர் கடைசியாக வெளியே போனது அன்றுதான். ஏழு பேர் போட்டார்கள். ஏழாவது ஆள் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது லீலண்டின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. கடைக்காரி டார்லாவும் ட்வைலாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரைப் பிக்கப் வண்டியில் ஏற்றினார்கள். நான்கு வருடமாக வண்டியைத் தொடாத ட்வைலா, மரத்துப்போன கால்களோடு, இருபது மைல் வேகத்தில் வீடுவரை ஓட்டினாள். அட்டை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. மறுநாள் டார்லா அதையும் ஒரு தட்டுக் கோழி நூடுல்ஸையும் கொண்டுவந்து கொடுத்து, "அவர்கிட்ட சொல்லு, நீங்க போன பிறகும் பதினோரு பேர் போட்டாங்கன்னு" என்றாள்.

லீலண்ட் அப்போது காய்ச்சலில் இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரிகளை எண்ணினார்.

"பதினெட்டு! ஒரே நாள்ல பதினெட்டா?"

ட்வைலா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போனில் பேசினவர்களிடமெல்லாம் அந்தப் பதினெட்டைத்தான் அவர் சொன்னார். அந்த எண்ணைச் சொல்லும்போது மட்டும் குரல் பழைய குரலாக இருந்தது. அதை எப்படிப் பிடுங்குவது?

அன்று காலை சமையலறையில் மகள் ஜனெல் கேட்டதும் அதைத்தான். ஒமாஹாவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். பத்து நாளாக இங்கேதான் இருந்தாள்.

"அம்மா, வாயத் திறக்காத. அவர் கையத் தூக்கி சத்தியம் பண்ணிட்டு நிம்மதியாப் போகட்டும். செத்தவரை எந்தக் கோர்ட்டு கூப்பிடும்?"

"முப்பத்திநாலு வருஷம் தபால் கொடுத்திருக்கார். ஒரு ரசீதுல தேதிய மாத்திப் போட்டதில்ல."

"ஆறு வாரத்துக்கு ஒருக்கா கொலராடோ போயிட்டு வந்தாரே, அது என்ன?"

ட்வைலா பஞ்சுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவளுடைய நரம்புகளை உள்ளுக்குள் அரிக்கும் நோய் வந்து பதினோரு வருடம். கால்கள் கயிறுபோல முறுக்கிக்கொள்ளும். மருந்துக்கடை மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. முறுக்கை அவிழ்த்தது கஞ்சா எண்ணெய் ஒன்றுதான். அது எல்லைக்கு அந்தப் பக்கம் கடையில் விற்கும் பொருள். இந்தப் பக்கம் குற்றம். லீலண்ட் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் ஓட்டி, உதிரி டயருக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். வீட்டுக்கு வந்து இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். சாப்பிடாமல் படுத்துவிடுவார். இதை அவர்கள் மூன்று பேரும் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. ரோட்டில் அவர் பொய்யர்தான். ஆனால் ஒரு காகிதத்தில் பொய் எழுதியதில்லை.

"லீ" என்றாள் ட்வைலா. விசிறி நின்றிருந்தது, அல்லது ஓடிக்கொண்டிருந்தது. "அந்தப் பதினெட்டு பேரையும் நீ பாக்கல. நீ பாத்தது ஏழு பேரை. உனக்கு உடம்பு முடியாமப் போயிடுச்சு, நான் உன்னக் கூட்டிட்டு வந்துட்டேன். அட்டை கல்லாகிட்டயே இருந்திருக்கு. மத்ததெல்லாம் நீ இல்லாதப்ப போட்டது. எனக்குத் தெரியும். நான் சொல்லல."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எங்கோ புல் வெட்டும் இயந்திரம் ஒரு வரிசையை முடித்துத் திரும்பும் ஓசை. அது அடுத்த வரிசையையும் முடித்துத் திரும்பியது. ட்வைலா தன் கைகளைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஏழா" என்றார்.

"ஏழு."

"ஏழும் ஒன்பதும் பதினாறு. இன்னும் ஏழு வேணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்தப் பதினொண்ணையும் படி. யாரு யாருன்னு பாப்போம்."

அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்த் தாளை எடுத்துவந்து படித்தாள். இத்தனை நாளும் அவள் எண்ணிக்கையைத்தான் பார்த்திருந்தாள், பெயர்களைப் படித்ததில்லை. டார்லா. ஆட்வார்கா சகோதரர்கள் இருவர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ் டட்டில். மாட்டு டாக்டர். மளிகைக்கடை லோயிஸ். இப்படியே பத்து. பதினோராவது வரியில் அவள் நின்றாள்.

"டியூக் வாவ்ரா."

"யாரு?"

"டியூக் வாவ்ரான்னு போட்டிருக்கு. விலாசம் கிளீட் வாவ்ராவோட பண்ணை."

"பொறந்த தேதி?"

"ஏப்ரல்... ரெண்டாயிரத்துப் பதினேழு."

லீலண்ட் தலையை அவள் பக்கம் திருப்பினார். "ட்வைலா, அது கிளீட்டோட காளைமாடு."

அவர் சிரித்தார். சிரிக்கிற அளவுக்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்து, மறுபடியும் சிரித்தார். ஜனெல் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"அஞ்சு வயசு" என்றார். "ஓட்டுப் போட இன்னும் பதிமூணு வருஷம் கெடக்கு. ஜனெல், உங்கம்மா மட்டும் சொல்லாம இருந்திருந்தா, ஒரு காளை பேனா புடிச்சு எழுதினதை என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்னு நான் சத்தியம் பண்ணியிருப்பேன்."

ட்வைலாவும் சிரித்தாள். மூன்று வாரமாக நெஞ்சில் அடைத்திருந்த கல் எந்த நொடியில் உருண்டு போனது என்று தனக்கே தெரியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"போன் பண்ணுங்க" என்றார் லீலண்ட். "பத்து பேருக்கும் பண்ணுங்க. அந்த எரும கிளீட்டுக்கும் பண்ணுங்க. வந்து என் கண்ணு முன்னால போடட்டும்."

புதிய தாள் ஒன்று இருந்தது. அதில் போட்டால் போதும். பழைய தாளில் அந்தப் பதினொரு வரிகளையும் அவரே கோடு போட்டு அடிக்க வேண்டும். கையெழுத்துகளைத் தலைநகருக்குக் கொண்டுபோகும் ரோண்டா நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மறுநாள் கெடு முடிகிறது.

பத்து மணிக்கு வலிக்கான மார்ஃபின் சொட்டு கொடுக்க வேண்டும். ஜனெல் அதைச் சொட்டுக் குழாயில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அப்பா, விளையாடாதீங்க."

"அது போட்டா கண்ணு சொக்கும். சொக்கிட்டா பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

"நாலு மணி வரைக்கும் உங்களால தாங்க முடியாது."

"முடியலன்னா கத்தறேன். கத்தறதுக்குச் சட்டத்துல தடை இல்ல."

ஜனெல் அம்மாவைப் பார்த்தாள். ட்வைலா தலையை அசைத்தாள். ஜனெல் குழாயை அலமாரி மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் போனை எடுத்தாள். நான் உள்ளே நுழைந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நான் லீலண்ட் பொகோர்னியோட பொண்ணு. இல்ல... இல்லங்க, இன்னும் இல்ல. உயிரோடதான் இருக்கார். அதனாலதான் கூப்பிடறேன்."

என்ன நடந்தது என்று ட்வைலா எனக்குச் சொன்னாள். நான் பையிலிருந்து முத்திரையை எடுத்து மேசையில் வைத்தேன். அந்த மனுவில் நான் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போட ஆசைதான். ஆனால் நான் பெயர் எழுதிய தாளுக்கு நானே முத்திரை வைக்கக் கூடாது. வேறு நோட்டரியும் கிடையாது. அதனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். என்னால் அன்று செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

முதலில் டார்லா வந்தாள், கடையைப் பூட்டிவிட்டு, மாவு ஒட்டின கையோடு. "ஐயோ லீலண்ட், என் புத்திய எதால அடிக்கிறது. கல்லாகிட்ட இருந்துச்சு, வந்தவங்க போட்டாங்க, நல்லதுதானேன்னு இருந்துட்டேன்."

"நல்லதுதான். போடு. பெரிசா எழுது, எனக்குத் தெரியணும்."

ஒவ்வொருவரும் எழுதும்போது அவர் தலையணையிலிருந்து தலையை உயர்த்தி, பேனா முனை தாளில் பட்டதிலிருந்து எடுக்கும்வரை பார்த்தார். வேறு எங்கும் பார்க்கவில்லை. பார்த்து முடித்ததும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுவார். அடுத்த வண்டிச் சத்தம் கேட்டதும் திறப்பார்.

ஆட்வார்கா சகோதரர்கள் புல்வெட்டு நடுவில் வந்தார்கள். பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கழற்றினார்கள். மூத்தவருக்கு ஒரு காலில் உறை இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டிலின் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்கள். மிஸ் டட்டில் வந்தபோது லீலண்ட் அளவுகோலை வைத்துப் பழைய வரிகளை அடித்துக்கொண்டிருந்தார்.

"கோடு சாயுது பொகோர்னி" என்றாள் அவள். வயது எண்பத்தெட்டு.

"ஆமாங்க டீச்சர்."

"அப்பவும் சாயும்."

அப்புறம் மாட்டு டாக்டரும் லோயிஸும். இரண்டரை மணிக்கு ஆறு பேர் ஆகியிருந்தார்கள். மீதி நால்வரில் இருவர் கல்யாணத்துக்கு மொன்டானா போயிருந்தார்கள், ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் போனை எடுக்கவில்லை. கிளீட்டும் எடுக்கவில்லை. அவர் ஆற்றோரப் புல்வெளியில் இருப்பதாக அவருடைய மனைவி சொன்னாள்.

ஜனெல் கார்ச் சாவியை எடுத்தாள். "நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"காலைல நீதான் வேண்டாம்னு சொன்ன" என்றாள் ட்வைலா.

"அது காலைல."

அவள் போன பிறகு வீட்டில் நாங்கள் மூவர். லீலண்டுக்கு வலி ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை ஊறி, ட்வைலா துடைக்க, மறுபடியும் ஊறியது. ஒருமுறை அவர் கத்தினார். முன்னால் சொன்னபடியே. ட்வைலாவின் கண் அலமாரி மேலிருந்த குழாய்க்குப் போய் வந்தது. எழுந்தாள். இரண்டடி வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டடிதான் அந்த நாளிலேயே நீளமானது. சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"தூங்கிடாத லீ" என்றாள்.

"தூங்கல."

ட்வைலா மறுபடியும் நெற்றியைத் துடைத்தாள்.

மூன்றே காலுக்கு ஜனெல் கிளீட் வாவ்ராவைக் கூட்டி வந்தாள். அறுபது வயது ஆள். தலைமுடியிலும் புருவத்திலும் புல்தூசு. தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே கட்டில் பக்கம் வராமல் நின்றார்.

"லீலண்ட், அது சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"டியூக் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"கையெழுத்து நல்லா இருந்துச்சு. உன்னோடத விட."

கிளீட் சிரிக்கவில்லை. "நான் கஞ்சாவுக்குப் போடமாட்டேன்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். ரொம்பத் தொந்தரவு பண்ணாங்க. அதான் டியூக் போடுவான்னு எழுதினேன். நான் போடறதா இல்ல லீலண்ட். வந்து சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். உன் முகத்தப் பாத்துச் சொல்லணும்ல."

ஜனெல் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். லீலண்ட் கையைச் சிறிது உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"கிளீட், நான் ஒண்ணு சொல்றேன். பெர்னீட்டா, நீயும் கேட்டுக்க. ஒம்பது வருஷமா ஆறு வாரத்துக்கு ஒரு தடவ நான் கொலராடோவுல ஸ்டெர்லிங் போயி, இவ காலுக்கு அந்த எண்ணெய வாங்கிட்டு வரேன். டயருக்கு அடியில வெச்சு. புடிச்சிருந்தா ஜெயில்."

ட்வைலாவின் கை வாய்க்குப் போனது. ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தைகள் அந்த வீட்டுக்குள்ளேயே உரக்கச் சொல்லப்பட்டதில்லை.

கிளீட் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ போறது. எல்லாருக்கும் தெரியும்யா. ஓய்வெடுத்த தபால்காரன் எதுக்கு ஆறு வாரத்துக்கு ஒருக்கா விடியறதுக்குள்ள மேக்கால வண்டிய விடறான்? டார்லாவுக்குத் தெரியும். டட்டில் டீச்சருக்குத் தெரியும். ஷெரீப்புக்கே தெரியும். நீ வர்ற அன்னிக்கு அவர் வேணும்னே தெக்கு ரோட்டுல போயி நின்னுக்குவார்."

எனக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்தேன்.

ட்வைலா முதலில் கணவனைப் பார்த்தாள், பிறகு என்னை. அப்புறம் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்று ஜனெல் ஓடிவந்தாள். அவள் அழவில்லை. "லீ" என்றாள், "அத்தனை தடவையும் உன் சட்டைய நான் அலசினேனே. வேர்வையில உப்புப் பூத்துக் கெடக்கும். எல்லாருக்கும் தெரியுமாம்!"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார் லீலண்ட்.

"எப்படிச் சொல்றது? சொன்னா தெரிஞ்ச மாதிரி ஆயிடுமே. அதான் நானும் நினைச்சேன், இப்படியே போகட்டும், உன்ன யாரு தடுத்தா, இதுக்கெதுக்குத் தனியா ஒரு சட்டம்னு."

"அடுத்த ஆறு வாரத்துக்கு யாரு ஓட்டுவா?" என்றார் லீலண்ட்.

கேள்வியாகக் கேட்டதுபோல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கிளீட் ட்வைலாவின் வாக்கரைப் பார்த்தார். தரையில் உரசாமல் இருக்க அதன் கால்களில் மாட்டியிருந்த டென்னிஸ் பந்துகளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, தன் இரண்டு கைகளையும் பேண்ட்டில் துடைத்தார்.

"எங்க போடணும்?" என்றார்.

லீலண்ட் தலையை உயர்த்த முடியவில்லை. ஜனெல் கழுத்துக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். கிளீட் மண்டியிட்டு, கட்டில் விளிம்பில் அட்டையை வைத்து, பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் எழுதினார். அவருடைய உள்ளங்கைத் தூசு தாளில் ஒட்டியது. லீலண்ட் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

பிறகு என் முறை. நான் எழுந்து நின்று கேட்டேன். இரண்டு தாள்களிலும் அடிக்கப்படாத ஒவ்வொருவரும் உங்கள் கண்முன் கையெழுத்திட்டார்கள் என்று சத்தியம் செய்கிறீர்களா?

அவர் வலது கையை முழங்கைவரை உயர்த்தினார். "ஒவ்வொருத்தரும்" என்றார். "எல்லாரையும் பாத்தேன்."

பேனாவை அவரே பிடிக்க வேண்டும். யாரும் அவர் கையைப் பிடிக்கக் கூடாது. ட்வைலா அட்டையை மட்டும் பிடித்துக்கொண்டாள். இரண்டு தாள், இரண்டு கையெழுத்து. முதல் தாளில் பாதிப் பெயர் எழுதி நிறுத்திவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். மீதியை எழுதினார். இரண்டாவதில் நிற்கவில்லை. நான் முத்திரை வைத்தேன்.

நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரோண்டாவின் கார் வந்தது. வாசலிலேயே தாள்களை வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, எதுவும் சொல்லாமல் போனாள். அவள் இன்னும் மூன்று மாவட்டங்களுக்குப் போக வேண்டும்.

ஜனெல் நாக்கின் அடியில் சொட்டு விட்டாள். லீலண்டின் நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. "ஏழு" என்றார், ட்வைலாவைப் பார்த்து. அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எங்களுக்குப் புரியவில்லை.

ட்வைலாவுக்குக் கால் முறுக்க ஆரம்பித்திருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தது காரணமாக இருக்கலாம். எண்ணெய்ப் புட்டியை எடுத்துவரச் சொன்னாள். நானும் கிளீட்டும் இருக்கும்போதே வாயில் விட்டுக்கொண்டாள். புட்டியை மறைத்து வைக்காமல் மேசையில் விட்டாள். கட்டிலோடு ஒட்டிப் போட்டிருந்த சாய்வு நாற்காலியில் சாய்ந்தாள். கிளீட் போனார். நான் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்துவிட்டு ஐந்து மணிக்குப் போனேன்.

மீதி அவள் சொன்னது. அவள் தூங்கிவிட்டாள். பல மாதங்களில் அப்படித் தூங்கியதில்லையாம். ஜனெல் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண் விழித்தபோது வெயில் சுவரில் இருந்தது. விசிறிச் சத்தம் கேட்டது. வேறொரு சத்தம் நின்றிருந்தது. அது எது என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரமானது. அவருடைய கை அவள் நாற்காலியின் கைப்பிடி மேல் கிடந்தது. அவள் கண் மூடியபோது அது அங்கே இல்லை.

அவள் ஜனெலை உடனே கூப்பிடவில்லை. கண்ணாடி அவர் மூக்கில் சரிந்திருந்தது. எடுத்துத் துடைத்து மடித்து வைத்தாள். வருத்தம் இனிமேல் வரும், அதற்கு நிறைய நாள் இருக்கிறது என்று தோன்றியதாம். அந்த நேரத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. கால்கூட வலிக்கவில்லை.

நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். "எத்தனை மணிக்குன்னு போடட்டும்? நீங்க பக்கத்துலயே இருந்தீங்கல்ல?"

"நான் தூங்கிட்டேன். பாக்கல" என்றாள் ட்வைலா. "நீ பாத்த நேரத்தப் போடு."

நர்ஸ் ஆறு ஐம்பது என்று எழுதினாள்.

எங்கள் மாவட்டத்தின் இருபத்துமூன்று பெயர்களும் செல்லும் என்று ஆகஸ்டில் கடிதம் வந்தது. ஒன்றுகூட அதிகமில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் வேறு மாவட்டங்களில் ஆள் போதாமல் மனு அந்த வருடம் தோற்றது. இரண்டு வருடம் கழித்து மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். அந்த நவம்பரில் வாக்கெடுப்பில் வென்றது. எண்ணெய் விற்கும் கடை இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. கிளீட் வாவ்ரா ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டெர்லிங் போய் வருகிறார். சந்தையில் அதைப் பற்றி உரக்கவே பேசுகிறார். டியூக்கைப் போன இலையுதிர்காலத்தில் விற்றுவிட்டார். மிஸ் டட்டில் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் இறந்தாள். டார்லா கடையை மகளிடம் கொடுத்துவிட்டாள். நான் வங்கியை விட்டாயிற்று. ஜனெல் ஒமாஹாவில்தான் இருக்கிறாள், மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். ட்வைலா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். முன்னறையில் கட்டில் போட்டிருந்த இடத்தில் இப்போது நீளமாக ஒரு மேசை போட்டு, தயிர் டப்பாக்களில் தக்காளி நாற்று வளர்க்கிறாள். பிற்பகல் வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது.